மறைவும் வெளிச்சமும்

வீட்டுச் சுவரில் காற்றுக்கும் ஒளிக்குமாக விடப்படும் திறப்புக்குத் தமிழில்தான் எத்தனை பெயர்கள்! கால் என்றால் காற்று. அதர் என்றால் வழி. எனவே காற்று நுழையும் வழி காலதர் ஆயிற்று. பல கண்களை உடையதாகப் பின்னப்பட்டது பலகணி. சாளரம் என்பது இலக்கிய வழக்கு. நாம் நாள்தோறும் வழங்கும் சன்னலோ போர்த்துக்கீசியரோடு கரையிறங்கிய சொல். அரபு மொழியும் இவ்வகையில் வளமுடையதே. ஊடுருவிச் செல்வது என்னும் பொருளில் ‘நாஃபிதா’ உண்டு. பின்னிக் கிடப்பது என்னும் பொருளில் ‘ஷுப்பாக்’ உண்டு. இது நம் பலகணிக்கு உடன்பிறப்பு. சுவரில் இட்ட துளை ‘குவ்வத்’. மறுபுறம் ஊடுருவாமல் சுவருக்குள்ளேயே நின்றுவிடும் குழிவு ‘மிஷ்காத்’. விளக்கேற்றி வைக்கும் நம் மாடக்குழி அதுவே.

சொற்களுக்குப் பஞ்சமில்லை. ஆயினும் இத்தனை சொற்களுக்கும் உரியவர்களாகிய நம்மவர் இல்லங்களில், நண்பகலிலும் விளக்கைப் போடாமல் ஒருவர் முகத்தை ஒருவர் காண இயலாத நடுக்கூடங்கள் பெருகி வருகின்றன. இது எதனால் நேர்ந்தது, இதற்குப் பரிகாரம் என்ன என்பதைச் சற்றுச் சிந்திப்போம்.

காயல்பட்டினம், கீழக்கரை போன்ற நம் கடற்கரை ஊர்களில் வீட்டைப் பெண்மக்களுக்கு உரியதாக்குவது பழைய வழக்கம். மணமான பின்னரும் மகள் தாயின் இல்லத்திலோ, அவளுக்கெனக் கட்டப்பட்ட அடுத்த இல்லத்திலோ வாழ்வாள். இரு மகள்கள் என்றால் மனை நீளவாக்கில் இரண்டாகும். மறு தலைமுறையில் நான்காகும். அகலம் தேய்ந்துகொண்டே போக, நீளம் மட்டும் அப்படியே நிற்கும். பக்கச் சுவர்கள் அண்டை வீட்டுச் சுவர்களோடு ஒட்டிக்கொள்ளும். ஒட்டாத இடத்தில் பெண்கள் போய்வரும் முடுக்கு ஒன்று நான்கடி அகலத்தில் கிடக்கும். முன்கட்டுக்குத் தெருவின் ஒளி உண்டு. பின்கட்டுக்குக் கொல்லையின் ஒளி உண்டு. இரண்டுக்கும் இடையே அகப்பட்ட நடுக்கூடத்துக்கு முற்றம் ஒன்றே வாழ்வு. அந்த முற்றத்தின் மீதும் மழைக்கும் காக்கைக்கும் கள்வருக்கும் அஞ்சி முதலில் கம்பி வந்தது. பிறகு தகரம் வந்தது. வெளிநாட்டுப் பணம் வந்த வீடுகளில் கான்கிரீட்டும் அதன் மேல் ஓர் அறையும் வந்தன. நடுக்கூடத்தில் இருள் குடியேறிவிட்டது.

இந்த இருள் யாரைத் தாக்குகிறது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஆண்கள் கடைக்கும் பள்ளிக்கும் பயணத்துக்கும் போய்விடுகிறார்கள். வரும் ஆண் விருந்தினரோ முன்கட்டோடு திரும்பிவிடுகிறார்கள். நடுக்கூடத்தில் நாள் முழுதும் இருப்போர் பெண்களும் சிறுவர்களும் முதியோருமே. பிள்ளைகள் ஓதுவதும், தையல் தைப்பதும், அரிசியில் கல் பொறுக்குவதும், நோயாளியின் கட்டில் கிடப்பதும் அங்கேதான். முதுமைக்கோ கூடுதல் வெளிச்சம் வேண்டும். கண்ணின் பாவை சுருங்கி, வில்லை மஞ்சளித்துப் போவதால், அறுபது வயதுக் கண்ணின் விழித்திரையைச் சென்றடையும் ஒளி இருபது வயதில் சென்றடைவதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே என்பர் கண்ணியல் அறிஞர். இளையவர் “போதும்” என்னும் வெளிச்சம் முதியவருக்கு அந்திப்பொழுதாக இருக்கிறது.

இது நம் இல்லத்திலேயே நாம் கண்ட செய்தி. எண்பதைக் கடந்த நம் உம்மா அவர்கள் முற்பகலில் அரை ஜுஸ்உ, அஸருக்குப் பின் அரை ஜுஸ்உ என ஓதி, மாதம் ஒருமுறை திருமறையை நிறைவு செய்பவர்கள். நடுக்கூடத்தில் முடுக்கைப் பார்த்த சன்னல் ஒன்றே உண்டு. அதனருகே ரிஹாலை வைத்து ஓதுவார்கள். முடுக்குக்கு அப்பால் தாழ்வானதோர் ஓட்டு வீடு இருந்தவரை வானத்தின் ஒளி தடையின்றி இறங்கியது. அந்த வீட்டுக்காரர் அதை இடித்து இரு மாடி எழுப்பினார். தம் மனையில், தம் பணத்தில், தம் பெண்மக்களுக்காக அவர் கட்டினார். அதில் குறை சொல்ல ஏதுமில்லை. ஆனால் நம் சன்னல் வானத்தை இழந்துவிட்டது.

உம்மா ஏதும் சொல்லவில்லை. ரிஹாலைத் தூக்கிக்கொண்டு தெருவாசலுக்குப் போனார்கள். கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு ஓதுவார்கள். தெருவில் ஆண்கள் நடக்கும் அரவம் கேட்டால் கதவின் பின்னே ஒதுங்குவார்கள். அரவம் அடங்கியதும் விட்ட இடத்தைத் தேடுவார்கள். அரை ஜுஸ்உ கால் ஜுஸ்உ ஆயிற்று. பிறகு ஒருநாள், “எனக்குக் கண்ணு போயிட்டுது வாப்பா, டாக்டர்கிட்ட காட்டிடு” என்றார்கள். புரை நீக்கிய கண்கள்தாம். ஆயினும் அழைத்துச் சென்றோம். மருத்துவர் நெடுநேரம் சோதித்து, கண்ணிலும் குறையில்லை, கண்ணாடியையும் மாற்ற வேண்டியதில்லை என்றார். திரும்பி வந்து வாசற்படியில் கால் வைத்தபோது உம்மா சொன்னார்கள்: “கண்ணுல கோளாறு இல்லைன்னா வீட்டுலதான் கோளாறு.”

மின்விளக்கு இல்லையா என்று நேயர்கள் கேட்கலாம். இருந்தது. கூடத்தின் நடுவில் உயரத்தில் ஒரு குழல்விளக்கு. சன்னலோரம் அமர்ந்தால் அதன் ஒளி முதுகின் பின்னிருந்து வந்து, ஓதுபவரின் தலை நிழலை ஏட்டின் மீதே வீழ்த்தும். அதற்கும் மேலாக, பகலில் பகலின் ஒளியே வேண்டும் என்பது உம்மாவின் உறுதி.

உறவினர் சிலர் சட்டத்தை நினைவூட்டினர். 1882-ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டத்தின் 15-ஆம் பிரிவின்படி, ஒரு கட்டடம் 20 ஆண்டுகள் இடையறாது, எவரது தடையுமின்றித் துய்த்த ஒளி அதற்கு உரிமையாகிவிடுகிறது. நம் சன்னலுக்கு வயது அதனினும் மிகுதி. ஆனால் உம்மா இசையவில்லை. “அடுத்த வீட்டாரோட வழக்காடி வாங்குன வெளிச்சத்துல ஓதுனா, அந்த ஓதல் நெஞ்சுல தங்குமா வாப்பா?” என்று கேட்டுவிட்டார்கள். அதற்கு மேல் பேச நமக்கு வாயில்லை.

நிற்க. இத்தகைய வழக்கு நம் முன்னோருக்குப் புதிதன்று. எகிப்தின் ஃபுஸ்தாத் நகரில் காரிஜா இப்னு ஹுதாஃபா (ரலி) அவர்கள் மேல்மாடம் ஒன்று கட்டினார்கள். அண்டை வீட்டாரின் மறைவுக்கு அதனால் பங்கம் நேருமோ என்ற செய்தி கலீஃபா உமர் (ரலி) அவர்களுக்கு எட்டியது. அவர்கள் ஆளுநர் அம்ர் இப்னுல் ஆஸ் (ரலி) அவர்களுக்கு எழுதிய ஆணையை இப்னு அப்துல் ஹகம் தம் எகிப்து வெற்றி வரலாற்றில் பதிந்திருக்கிறார். அந்த மாடத்தில் ஒரு கட்டிலை இட்டு, நெட்டையுமின்றிக் குட்டையுமின்றி நடுத்தரமான ஒருவரை அதன் மேல் நிற்கச் செய்ய வேண்டும். அவர் சாளரத்தின் வழியே எட்டிப் பார்க்க முடியுமாயின் இடித்துவிட வேண்டும் என்பது அதன் சாரம். அவ்வாறே நிறுத்திப் பார்த்தனர், பார்வை சாளரத்தை எட்டவில்லை, மாடம் தப்பியது. ஒரு கட்டிலும் ஒரு மனிதரும் கொண்டு தீர்க்கப்பட்ட இந்த வழக்கில் நுட்பமானதோர் அளவுகோல் அடங்கியிருக்கிறது.

உதுமானியப் பேரரசில் 1869 முதல் 1876 வரை தொகுக்கப்பட்ட ‘மஜல்லா’ எனும் ஹனஃபி சட்டக்கோவை இதனை மேலும் விரிக்கிறது. அதன் 1201-ஆம் விதி நம் உம்மாவுக்காகவே எழுதப்பட்டது போன்றது. ஒரே சன்னல் உள்ள அறையின் சன்னலை அண்டை வீட்டாரின் புதுக் கட்டடம் அடைத்து, எழுத்தைப் படிக்க இயலாத அளவுக்கு அறை இருண்டுவிடுமாயின் அது பெருந்தீங்கு. அதனை நீக்குமாறு கேட்கலாம். வாசல் வழியே ஒளி வருகிறதே என்று சமாதானம் சொல்ல இடமில்லை. ஏனெனில் குளிருக்கும் பிறவற்றுக்குமாக வாசலைச் சாத்த வேண்டியிருக்கும். இரு சன்னல்கள் இருந்து ஒன்று மட்டும் அடைபட்டால் அது பெருந்தீங்காகக் கொள்ளப்படாது. அடுத்த விதி மறுபக்கத்தைப் பேசுகிறது: சமையலிடம், கிணற்றடி, முற்றம் எனப் பெண்டிர் புழங்கும் இடங்கள் பார்வையில் படுவதும் பெருந்தீங்கே. 1203-ஆம் விதியோ ஆள் உயரத்துக்கு மேலுள்ள சன்னலை, ஏணி வைத்துப் பார்க்கக்கூடும் என்ற ஐயத்தின் பேரில் மூடச் சொல்ல முடியாது என்கிறது. ஷாஃபி மத்ஹபின் நூல்கள் உரிமையாளர் தம் மனையில் செய்துகொள்ளும் ஆக்கங்களுக்கு இன்னும் விரிந்த இடம் தருகின்றன. எனவே கடற்கரை ஊராராகிய நாம் மஜல்லாவைக் காட்டி வழக்காடுவதற்கில்லை. ஆனால் வழி தேடுவோர்க்கு அதில் வழி இருக்கிறது. எழுத்துத் தெரிய வேண்டும் என்பது ஒளியின் அளவு. ஆள் உயரத்துக்கு மேல் என்பது மறைவின் அளவு. இரண்டும் ஒரே சுவரில் சந்திக்க முடியும்.

அதன்படி அண்டை வீட்டாரிடம் சென்று, பழைய சன்னலை அடைத்துவிட்டு, தரையிலிருந்து ஏழரை அடிக்கு மேல், ஆறடி அகலமும் இரண்டடி உயரமுமாக நெடுஞ்சாளரம் ஒன்று திறக்க எண்ணியிருப்பதைச் சொன்னோம். அவர் தயங்கினார். “சன்னல் மேலே ஏறுச்சுன்னா எங்க வீட்டுப் பெண்டுபிள்ளைக துணி காயப்போடுற இடம் தெரியாதா, ஹளரத்?” என்றார். அது நியாயமான அச்சம். “திறப்பதற்கு முன்னர்த் தாங்களே வந்து நின்று பாருங்கள்” என்றோம். கொத்தனார் குறித்த உயரத்தில் சில செங்கற்களை மட்டும் எடுத்தார். உம்மா உள்ளறைக்குப் போய்விட, அவர்களின் கட்டிலையே சுவரோரம் இழுத்துப் போட்டு அண்டை வீட்டாரை ஏறி நிற்கச் சொன்னோம். அவர் நம்மினும் உயரமானவர். நின்றார், நுனிக்காலிலும் நின்று பார்த்தார். அவர் கண்ணுக்குத் தெரிந்தது, தம் வீட்டின் பக்கச் சுவர் மட்டுமே. பூசி விட்டதோடு சரி, வண்ணம் காணாத அந்தச் சிமெண்டு இரு மழைக்காலங்களில் பாசி பிடித்துக் கறுத்திருந்தது. சிறிது நேரம் அதையே பார்த்திருந்துவிட்டு இறங்கினார். “இதைத்தான் உம்மா பாத்துக்கிட்டு இருந்தாகளா?” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. மறுவாரம் அவரது ஆட்கள் முடுக்கில் ஏணி சாத்தி, அச்சுவர் முழுவதையும் சுரண்டி வெள்ளையடித்தார்கள். அதனை நம் செலவில் செய்யக் கேட்பதாக இருந்தோம்; கேட்கும் வாய்ப்பை அவர் தரவில்லை.

சாளரம் திறந்ததைவிட அந்த வெள்ளையடிப்பு செய்த நன்மை பெரிது. காரணம் அறிய விழைவோர் இப்னுல் ஹைத்தமை நாட வேண்டும். பஸராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்து, ஏறத்தாழ 1040-இல் மறைந்த அப்பேரறிஞர் ‘கிதாபுல் மனாழிர்’ என்னும் ஒளியியல் நூலில் இருட்டறைச் சோதனைகளை விளக்குகிறார். ஒளி நேர்கோட்டில் செல்கிறது என்பது அவர் நிறுவிய உண்மைகளுள் ஒன்று. ஒளியை அவர் இருவகையாகப் பிரிக்கிறார்: கதிரவனும் விளக்கும் போலத் தாமே ஒளிர்வனவற்றின் முதல் ஒளி, அவ்வொளியைப் பெற்ற சுவரும் தரையும் மீண்டும் பரப்பும் இரண்டாம் ஒளி. நான்கடி முடுக்கைப் பார்த்த சாளரத்துக்கு வானம் ஏறக்குறையத் தெரிவதில்லை. அதற்கு எதிர்ச்சுவரே வானம். கறுத்த சிமெண்டு தன் மீது விழுந்த ஒளியில் பெரும்பகுதியை விழுங்கிவிடும். புதுச் சுண்ணாம்போ பத்தில் எட்டுப் பங்கைத் திருப்பித் தரும். அண்டை வீட்டுச் சுவர் நமக்கு விளக்காகும் விந்தை இதுவே.

கூடத்தின் உட்புறத்துக்கும் இதே விதி பொருந்தும். நம்மவர் பலர் சுவர்களில் கடும்பச்சை பூசுகின்றனர். பச்சை நமக்கு உகந்த நிறமே. ஆயினும் கடும்பச்சை பத்தில் இரண்டு பங்கு ஒளியைக்கூடத் திருப்புவது அரிது. பச்சையைக் கதவுக்கும் விளிம்புக்கும் ஒதுக்கிவிட்டு, மேற்கூரைக்குத் தூய வெள்ளையும் சுவர்களுக்கு வெள்ளையோ இளந்தந்த நிறமோ பூசினால் கூடம் தானாக விரியும். கருங்கடப்பைக்கல் தரையில் வெளிர்நிறப் பாயொன்றை விரித்தாலும் பயன் உண்டு. சாளரத்தின் உயரமும் இன்றியமையாதது. திறந்த வானத்தைப் பார்த்த சாளரத்தின் ஒளி அதன் மேல்விளிம்பு உயரத்தைப் போல் இரண்டு முதல் இரண்டரை மடங்கு தூரமே உள்ளே பயனுற எட்டும் என்பது கட்டடக்கலையார் கணக்கு. ஆறரை அடியில் முடியும் சன்னலைவிட ஒன்பதரை அடியில் முடியும் சாளரம் கூடத்தின் கடைசி மூலையைத் தொடுவது இதனாலேயே.

வாடகை வீட்டிலும் அடுக்ககத்திலும் வாழ்வோர் சுவரை உடைக்க இயலாது. அவர்கள் முதலில் சன்னலை மறைத்து நிற்கும் பீரோவை நகர்த்தட்டும். தடித்த திரையை நீக்கி மெல்லிய வெள்ளைத் திரை இடட்டும். பகலில் வெளியே ஒளி மிகுதி, உள்ளே குறைவு. எனவே மெல்லிய திரை ஒளியை உள்ளே விடும். வெளியிலிருந்து வரும் பார்வையை விடாது. விளக்கேற்றிய பின் நிலை தலைகீழாகும். உள்ளிருப்போர் வெளியே தெரிவர். ஆகவே மக்ரிபுக்கு முன் தடித்த திரையை இழுத்துவிடுவது முறை. சன்னலுக்கு எதிர்ச்சுவரில் கண்ணாடி ஒன்று மாட்டினால் வந்த ஒளி மீண்டும் ஒரு முறை கூடத்தில் நடமாடும். கிப்லாவின் பக்கம் மட்டும் அதனைத் தவிர்த்தல் நன்று. இரவுக்கு, நடுவில் ஒரே பெருவிளக்கு என்பதைக் கைவிட்டு, ஓதுமிடத்துக்கும் தைக்குமிடத்துக்கும் இடப்பக்கத் தோளுக்கு மேலாகத் தனித்தனி விளக்கு அமைத்தல் சிறப்பு. பழைய 60 வாட் குண்டு பல்பின் வெளிச்சத்தை இன்று 9 வாட் எல்.இ.டி. விளக்கே தந்துவிடுவதால் செலவும் பெரிதன்று.

தகரக் கூரையின் கீழ் வாழ்வோருக்கும் வழி உண்டு. பிரேசில் நாட்டு மெக்கானிக் ஆல்ஃபிரெடோ மோசர் 2002-இல் கண்ட முறை அது. இரண்டு லிட்டர் பிளாஸ்டிக் புட்டியில் நீரும், பாசி பிடிக்காதிருக்கச் சிறிது பிளீச்சும் ஊற்றிக் கூரைத் துளையில் பாதி மேலும் பாதி கீழுமாகப் பொருத்தினால், வெயிலை வாங்கி அறையெங்கும் சிதறுகிறது அது. ஓட்டுக் கூரையில் நான்கு ஓடுகளை எடுத்துவிட்டுக் கண்ணாடி ஓடு பதிப்பது நம் நாட்டுப் பழைய முறை.

முற்றத்தைப் பற்றி ஒரு சொல் தனியே சொல்ல வேண்டும். தெருவின் பார்வை படாமல் வெயிலில் நிற்கப் பெண்களுக்கு வீட்டுக்குள்ளேயே வாய்த்த இடம் அது. வைட்டமின் டி என்னும் சத்தை உடல் ஆக்கிக்கொள்ள வெயிலின் புறஊதாக் கதிர்களுள் ஒருவகை நேரே தோலில் பட வேண்டும். சன்னல் கண்ணாடி அதனை ஏறக்குறைய முழுதும் தடுத்துவிடும். முற்றத்தின் மேல் கண்ணாடி போட்டால் ஒளி வரும். அந்த நன்மை வராது. எனவே முற்றத்தை மூடியே ஆக வேண்டிய குடும்பத்தார், நான்கடிக்கு நான்கடியேனும் கம்பி மட்டும் இட்டு வானத்துக்கு விட்டுவைக்குமாறு வேண்டுகிறோம். மகளுக்கு வீடு கொடுக்கிறோம் என்று பெருமைப்படும் நாம், சுவரைக் கொடுத்துவிட்டு வெயிலை எடுத்துக்கொள்வது முறையாகுமா?

மறைவுக்காகவே வீட்டை இருட்டாக்குகிறோம் என்பாரும் உளர். அவர்கள் சூரத்துந் நூரைச் சற்று நிதானமாக ஓதிப் பார்க்க வேண்டும். பிறர் வீட்டினுள் அனுமதியின்றி நுழையாதிருப்பதும் பார்வையைத் தாழ்த்துவதும் அந்த அத்தியாயத்தின் 27 முதல் 31 வரையுள்ள வசனங்களில் போதிக்கப்படுகின்றன. மாடக்குழியில் வைத்த விளக்கின் உவமை 35-ஆம் வசனத்தில் வருகிறது. மூன்றே வசனங்கள் இடையிட்டு, மறைவும் ஒளியும் ஒரே அத்தியாயத்தில் அண்டை வீட்டார்போல அமர்ந்திருக்கின்றன; அந்த அத்தியாயத்துக்கு வாய்த்த பெயரோ ஒளி என்பதே. சுவருக்குள் அடங்கிய மிஷ்காத் விளக்கின் ஒளியைச் சிதறவிடாமல் திரட்டித் தருவதுபோல, நல்லதொரு வீடும் தன் பெண்டிரை மறைத்துக்கொண்டே அவர்களுக்கு ஒளியைத் திரட்டித் தரக்கூடியது.

ஆதலின் புதிதாக மனை கோலுவோர் கடைக்கால் தோண்டுமுன் நடுக்கூடம் அமையவிருக்கும் இடத்தில் நின்று, அஸர் வேளையில் இங்கே ஒரு முதியவர் விளக்கின்றி ஓத முடியுமா என்று கேட்டுக்கொள்வார்களாக. மாடி எழுப்புவோர் தம் சுவரின் மறுபுறம் எவருடைய சாளரத்துக்கு வானமாகப் போகிறது என்பதையும் எண்ணிப் பார்த்து, அதற்கு ஒரு கை வெள்ளை அடித்துவிடுவார்களாக. தம் சுவரில் அண்டை வீட்டார் மரம் பதிப்பதைக்கூடத் தடுக்க வேண்டாமென்று அறிவுறுத்திய அண்ணல் நபி (ஸல்) அவர்களின் உம்மத்துக்கு இது அரிய காரியமன்று. வல்ல இறைவன் நம் இல்லங்களையும் உள்ளங்களையும் ஒளியால் நிரப்புவானாக. ஆமீன்.